வாயும் எச்.ஐ.வி.யும்: வாசகர் கேட்டவை

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களும் அவர்களது வீட்டாரும் வாய், பல், முரசு பற்றி எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பெயர்களை எடுத்துவிட்டோம். கேள்விகள் நீளமானவை என்பதால் சுருக்கியிருக்கிறோம்.

எச்.ஐ.வி. குளிசை தொடங்கி ஆறு கிழமை. நாக்கிலும் மேல் அண்ணத்திலும் தயிர் ஒட்டினது போல வெள்ளை. பார்மசியில் மஞ்சள் துளி மருந்து ஒரு சின்னப் போத்தல் தந்தார்கள். போட்டதும் குறைந்தது, ஒரு கிழமையில் திரும்ப வந்துவிட்டது. எனக்குக் குளிசை வேலை செய்யவில்லையா? (கொட்டாஞ்சேனை, 34 வயது)

இதை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். குளிசை தொடங்கியதும் இரத்தத்தில் வைரஸின் அளவு முதலில் இறங்கும். எதிர்ப்புச் சக்தி அதன் பின்னால் மெதுவாகத்தான் எழும்பும். எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் சிடி4 என்ற இரத்தக் கலங்களின் எண்ணிக்கை 200இற்குக் கீழே இருந்தபோது சிகிச்சை தொடங்கியவருக்கு முதல் சில மாதங்களில் வாயில் வெண்படலம் வருவது வழமை. இது கண்டிடா என்ற பங்கசு. சுகதேகிகள் பலரின் வாயிலும் அது பேசாமல் கிடக்கிறது. தடுக்கும் சக்தி குறைந்தவுடன் பெருகிவிடும்.

முதலில் அது வெண்படலம்தானா என்று பாருங்கள். சுத்தமான கோஸ் துணியை நனைத்து விரலில் சுற்றி மெதுவாக வழியுங்கள். வெள்ளை கழன்று அடியில் சிவந்த தோல் தெரிந்தால், சில வேளை இலேசாக இரத்தமும் கசிந்தால், பெரும்பாலும் அதுதான். கழலாவிட்டால் அது வேறு விஷயம். கீழே வரும் வெற்றிலைக் கேள்வியைப் படியுங்கள். வெள்ளையே இல்லாத வகையும் உண்டு: அண்ணம் சிவந்திருக்கும், நாக்கின் நடுவில் சொரசொரப்பு போய் வழவழவென்று இருக்கும், மிளகாய் பட்டால் எரியும். கடைவாய் இரண்டும் வெடித்திருப்பதும் அநேகமாக இதன் வேலையே. வெள்ளை தெரியாததால் பலர் இதைக் காட்டுவதில்லை.

இனி அந்தச் சின்னப் போத்தலின் கணக்கைப் பார்ப்போம். அது நிஸ்டட்டின், ஒரு மில்லிலீற்றரில் 100,000 அலகு. எச்.ஐ.வி. உள்ள வளர்ந்தவருக்கு வழமையாக எழுதுவது ஒரு தடவைக்கு 4 முதல் 6 மில்லிலீற்றர், நாளுக்கு 4 தடவை, 7 முதல் 14 நாள். ஒரு தடவைக்கு 5 என்று வைத்தாலும் நாளுக்கு 20 மில்லிலீற்றர், ஏழு நாளுக்கு 140. உங்களிடம் இருந்தது 30 மில்லிலீற்றர் போத்தல் என்றால் ஒன்றரை நாள் மருந்து அது. அதைச் சொட்டுச் சொட்டாக மூன்று நாளுக்கு நீட்டினால் பங்கசு பதுங்கும், சாகாது. சில மருந்துப் புத்தகங்கள் இதைவிடக் குறைந்த அளவும் சொல்வதால் வைத்தியர் சீட்டில் எழுதும் அளவே உங்கள் அளவு. கவுண்டரில் சொல்லும் "ரெண்டு சொட்டு" அளவு அல்ல.

போடும் விதத்திலும் பிழை நடக்கிறது. போத்தலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கும். சாப்பிட்டு வாய் கழுவிய பிறகு, பாதியை ஒரு பக்கமும் பாதியை மறுபக்கமும் விட்டு, நாக்கால் வாய் முழுக்கச் சுழற்றி, முடிந்தவரை வைத்திருந்து விழுங்குங்கள். அடுத்த அரை மணிநேரம் தண்ணீரும் வேண்டாம். இந்த மருந்து இரத்தத்தில் ஏறுவதில்லை, தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும். பிளேன்டீ குடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பானையும் இதையும் ஒன்றாகப் பாவித்தால் ஒன்றையொன்று கெடுக்கும். இடையில் குறைந்தது அரை மணிநேரம், முடிந்தால் இன்னும் கூட விடுங்கள். வெள்ளை மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடருங்கள். நிஸ்டட்டினில் பெரும்பாலும் சீனி சேர்ந்திருப்பதால் இரவில் போட்டுவிட்டு அப்படியே படுத்து நெடுநாள் ஓட்டினால் பல்லுக்குக் கேடு.

துளி மருந்துக்கு அடங்காவிட்டால், அல்லது படலம் பரவலாக இருந்தால், வைத்தியர் ஃபுளுகொனசோல் தருவார்: நாளுக்கு ஒரு தடவை 100 முதல் 200 மில்லிகிராம், 7 முதல் 14 நாள். பெண்களின் வெள்ளைபடுதலுக்குக் கொடுக்கும் ஒற்றை 150ஐ வாங்கிப் போட்டு "முடிந்தது" என்று விடுவது நமது ஊரில் சாதாரணம். இப்படி அரைகுறையாகத் திரும்பத் திரும்பப் போட்டால் மருந்துக்கு மசியாத கண்டிடாதான் வாயில் மிஞ்சும். சீனி வருத்தத்துக்கு கிளிக்லசைட் எடுப்பவருக்கு ஃபுளுகொனசோல் சேர்ந்தால் இரத்தச் சீனி இறங்கலாம். வோபரின் எடுப்பவருக்கு இரத்தம் உறைவது குறையும். கர்ப்பிணிகள் இந்தக் குளிசையைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஒன்று மட்டும் தாமதிக்க முடியாதது. விழுங்கும்போது நெஞ்சுக்குள் நோவு, சோறு நடுவில் நிற்பது போன்ற உணர்வு இருந்தால் பங்கசு உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அதற்குத் துளி மருந்து போதாது; ஃபுளுகொனசோல் 14 முதல் 21 நாள் வேண்டும். அன்றைக்கே உங்கள் கிளினிக்கில் காட்டுங்கள். எச்.ஐ.வி. குளிசையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். வாயைத் திரும்பவும் நலமாக்கப்போவது அதுவே. மற்றவை எல்லாம் அதுவரைக்கும் உதவி.

கணவருக்கு எச்.ஐ.வி., இரண்டு வருடமாகக் குளிசை எடுக்கிறார். பல் துலக்கும்போது முரசில் இரத்தம் வருகிறது. பிள்ளைகள் அவருடைய கோப்பையில் குடிக்கிறார்கள், அவர் பிள்ளைகளைக் கொஞ்சுகிறார். மாமி எல்லாவற்றையும் வேறாக வைக்கச் சொல்கிறா. (வெள்ளவத்தை)

கோப்பை, பீங்கான், கரண்டி, துவாய் எதையும் வேறாக வைக்கத் தேவையில்லை. எச்சிலால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. கன்னத்தில் கொஞ்சுவதாலும் ஒரே கோப்பையில் குடிப்பதாலும் பரவாது. உங்கள் கணவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவாலும் உங்களுக்குப் பரவாது. மாமியிடம் வாதாடுவதைவிட அவவை ஒருநாள் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்குள்ளவர்களே சொல்லக் கேட்கவைப்பது நல்லது.

பல் துலக்கும் பிரஷும் சவர அலகும் மட்டும் ஆளுக்கொன்று. அது எச்.ஐ.வி. வீட்டுக்கு மட்டுமான விதி அல்ல. ஈரல் அழற்சி பி வைரஸ் எச்.ஐ.வி.யைவிட எளிதில் பரவக்கூடியது, பிரஷில் ஒட்டிய இரத்தத்தாலும் தொற்றலாம். பிரஷ்களைத் தலையோடு தலை முட்ட ஒரே டம்ளரில் குத்தி வைக்காதீர்கள். இன்னொன்று: கைக்குழந்தை இருந்தால் சோற்றை வாயில் மென்று ஊட்டும் பழக்கத்தைப் பெரியவர்கள் எல்லோருமே விடவேண்டும். இரத்தம் கசியும் வாயால் மென்று ஊட்டியதால் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. போன சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன.

இரத்தம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பல்லில் படிந்து இறுகும் காறைதான். இரத்தத்தைக் கண்டு பயந்து பிரஷ் போடுவதை விட்டால் இன்னும் கூடும். மென்மையான பிரஷால் முரசு ஓரத்தை நாளுக்கு இரண்டு தடவை துலக்கட்டும். பல் வைத்தியரிடம் காறை எடுக்கட்டும். அதற்குப் பிறகும் முரசின் ஓரம் சிவப்புக் கோடு இழுத்தது போலவே நின்றால், அல்லது துலக்காமலே இரத்தம் வந்தால், இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

நாக்கின் இரு பக்க ஓரத்திலும் வெள்ளைக் கோடுகள், நிரையாக, மேலிருந்து கீழாக. தேய்த்தாலும் போகவில்லை, நோவும் இல்லை. வெற்றிலை போடுவேன். புற்றுநோயா? (பேலியகொடை, 52 வயது)

நீங்கள் சொல்வது போல நாக்கு ஓரத்தில், இரு பக்கமும், நெளிவு நெளிவாக நிற்கும் கழலாத வெள்ளை எச்.ஐ.வி. உள்ளவரிடம் பெரும்பாலும் மயிர் வடிவ வெண்தழும்பு. எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸின் வேலை அது. புற்றுநோயாக மாறாது, மருந்தும் தேவையில்லை, எச்.ஐ.வி. சிகிச்சை பிடித்தால் தானாக மங்கும். ஆனால் சிகிச்சையில் இருப்பவருக்குப் புதிதாக வந்தால் அதன் பொருள் வேறு: குளிசை தவறுகிறதா, வைரஸ் அளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது.

இவ்வளவும் வெற்றிலை போடாத வாய்க்குச் சரி. உங்களுக்குப் பார்த்தே ஆகவேண்டும், கடிதத்தில் சொல்ல முடியாது. இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்க்காமல் போட்டால் பிழையில்லை என்ற பேச்சு தவறு. பாக்கே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவரின் உடல் இத்தகைய மாற்றங்களைத் தடுப்பதில் இன்னும் பின்தங்கியது.

வீட்டில் கண்ணாடி முன் இப்படிப் பாருங்கள். வெற்றிலைச் சாயம் போக வாயைக் கொப்பளியுங்கள். வெற்றிலைக் கூறு வைக்கும் கொடுப்புப் பக்கத்தை வெளியே இழுத்துப் பாருங்கள். நாக்கை நீட்டி ஒவ்வொரு ஓரமாகத் திருப்பிப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இருக்கும் வெள்ளை, வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டு, தொட்டால் கெட்டியாக இருக்கும் இடம், மூன்று கிழமை தாண்டியும் ஆறாத புண், இவற்றில் எதுவும் சதை எடுத்துச் சோதிக்க வேண்டியது. பிறகு உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் வையுங்கள். நுழையாவிட்டால், காரம் பட்டாலே எரிந்தால், பாக்கினால் வாய்த்தசை இறுகத் தொடங்கிவிட்டது. கொழும்பில் வாட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையில் இதைக் காட்டலாம். பார்க்கும்வரை அல்ல, இன்றைக்கே வெற்றிலை போடுவதை நிறுத்துங்கள்.

அண்ணத்தில் ஊதா அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் தட்டையாகவோ புடைத்தோ ஒரு திட்டு இருந்தால் அது கபோசி என்ற புற்றுக்கட்டியாக இருக்கலாம். நோவில்லை என்று விடாதீர்கள். அதைக் கிளினிக் வைத்தியர் பார்க்கவேண்டும், அதுவும் சீக்கிரம்.

பல் பிடுங்க வேண்டும். பல் வைத்தியரிடம் எச்.ஐ.வி. என்று சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் பார்க்கமாட்டார்கள் என்று பயம். (வத்தளை, 29 வயது)

பயம் காரணமில்லாதது என்று சொல்லமாட்டோம். மறுக்கும் இடங்களும், "கடைசி நோயாளியாக வாருங்கள்" என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அப்படிச் சொல்ல மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. கையுறை, முகமூடி, நீராவிக் கருவியில் கிருமி நீக்கிய ஆயுதம் எல்லாம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரேபோலத்தான். தன் நிலையை அறியாதவரும் அதே கதிரையில் இருந்துவிட்டுப் போவதால், ஆள் பார்த்துச் சுத்தம் செய்யும் கிளினிக் யாருக்கும் பாதுகாப்பானதல்ல.

ஆனாலும் வைத்தியரிடம் சொல்வதுதான் உங்களுக்கு லாபம் என்பது எங்கள் கருத்து. முன் மேசையில் இருப்பவரிடம் அல்ல. உள்ளே, கதவு மூடிய பின், வைத்தியரிடம் மட்டும். காரணம் மருந்துகள். பல் நோவுக்கு டைக்லோபெனக், ஐபியூபுரோபன் எழுதுவது வழக்கம். உங்கள் குளிசையில் டெனோஃபோவிர் இருந்தால் இவற்றை நாட்கணக்கில் சேர்த்து எடுப்பது சிறுநீரகத்துக்கு ஆபத்து. பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணிக்கொரு தடவை, ஒரு நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல், பாதுகாப்பான வழி. முகநரம்பு நோவுக்குக் கொடுக்கும் காபமசெபின், டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும், எச்.ஐ.வி. சிகிச்சையே சறுக்கும். ரிட்டோனவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்தில் இருப்பவருக்கு மயக்கத்துக்கு மிடசோலம் கொடுத்தால் தூக்கம் ஆபத்தான அளவுக்கு நீளும். சில ஸ்டெரொய்ட் ஊசிகளும் அப்படியே உடலில் தேங்கும். டோலுடெக்ராவிர் எடுப்பவர் வயிற்றெரிவுக்கு அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்து குடித்தால், எச்.ஐ.வி. குளிசையை அதற்கு 2 மணி முன்பாகவோ 6 மணி பின்பாகவோ எடுக்கவேண்டும்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: குளிசைகளின் பெயர், கடைசி சிடி4, வைரஸ் அளவு, இரத்தத் தட்டு, வெண்குருதிக் கலங்கள், ஒவ்வாமை. தட்டு 50,000இற்கு மேல் இருந்தால் சாதாரணமாக ஒரு பல் பிடுங்கலாம். இன்ன சிடி4 எண்ணிக்கைக்குக் கீழே பல் பிடுங்கக்கூடாது என்று ஒரு எல்லை கிடையாது. எச்.ஐ.வி. என்பதற்காக மட்டும் பிடுங்குமுன் அன்டிபயோட்டிக் கொடுக்கவும் தேவையில்லை. நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலம் 500இற்குக் கீழே போனவருக்குக் கதை வேறு. பிடுங்கிய பின் பஞ்சை அரை மணிநேரம் இறுக்கிக் கடியுங்கள், முதல் 24 மணிநேரம் கொப்பளிக்காதீர்கள், துப்பிக்கொண்டே இருக்காதீர்கள். அடுத்த நாள் தொடக்கம் ஒரு டம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸிலுள்ள தேசிய பாலியல்நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்கில் கேட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். எச்.ஐ.வி. சிகிச்சை அங்கே இலவசம்.

இரண்டு பல்லுக்கு இடையிலுள்ள முரசு கரைந்துகொண்டே போகிறது. சரியான நோவு, கிட்ட வந்தால் மற்றவர்களுக்கே மணக்கிறது. (மட்டக்குளி, 41 வயது)

இந்த இதழை வைத்துவிட்டுப் பல் வைத்தியரிடம் போங்கள். பல்லிடை முரசின் நுனி கிள்ளி எடுத்தது போலக் குழிந்து, சாம்பல் நிறப் படலம் மூடி, தானாக இரத்தம் கசிந்து, துர்நாற்றம் வீசினால் அது முரசு அழுகும் நோய். எச்.ஐ.வி. உள்ளவரில் சில கிழமைகளுக்குள் எலும்பையே தின்று பல்லை ஆட்டம்காண வைத்துவிடும். சாதாரண முரசு வருத்தத்துக்கு இவ்வளவு நோவு இருக்காது. நோவுதான் இதை வேறுபடுத்திக் காட்டும்.

வைத்தியர் மரக்கச் செய்து அழுகியதை மெதுவாகச் சுரண்டி எடுத்துக் கழுவுவார். அது நடக்காமல் குளிசை மட்டும் போட்டால் பலன் நிற்காது. கூடவே மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை, சில நாட்களுக்கு. அந்த நாட்களிலும் முடிந்து இரண்டு நாள் வரைக்கும் சாராயம், பியர் எதுவும் கூடாது. ஓங்காளிப்பும் நெஞ்சுப் படபடப்பும் வரலாம். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம், ஒரு தடவைக்கு 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், காலையும் இரவும். பற்பசை போட்டு அரை மணிநேரம் கழித்தே கொப்பளியுங்கள், பற்பசையின் நுரைப்பொருள் அதை முறித்துவிடும். பாவிக்கும் காலத்தில் தேநீர் பல்லில் மண்ணிறமாகப் படியும். அந்தக் கறையைப் பிறகு எடுத்துவிடலாம். சிகரட்டையும் நிறுத்துங்கள். சோதனை பார்க்காதவருக்கு இந்த நோய் வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயம் செய்யவேண்டும்.

மேல் அண்ணத்தில் கொத்தாகச் சின்னப் புண்கள். வாய்ப்புண் பசை பூசினேன், கூடிவிட்டது. (மருதானை, 38 வயது)

புண் எந்த இடத்தில் என்பதே பாதிப் பதில். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி என அசையும் மெல்லிய தோலில் வந்து, மஞ்சள் நடுவும் சிவந்த ஓரமுமாக இருந்தால் சாதாரண வாய்ப்புண். கடினமான அண்ணத்திலும் பல்லோடு ஒட்டிய முரசிலும் கொத்தாக வந்தால் ஹெர்பிஸ் என்று நினைக்கவேண்டும். வாய்ப்புண் பசைகள் பலவற்றில் ஸ்டெரொய்ட் இருக்கிறது. ஹெர்பிஸுக்கும் வெண்படலத்துக்கும் அதைப் பூசினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை, 5 முதல் 10 நாள். தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். சிடி4 குறைந்தவருக்கு ஹெர்பிஸ் இடம் பார்க்காமல் வரும், பெரிய புண்ணாகவும் நிற்கும். ஒரு மாதம் தாண்டினால் அது எச்.ஐ.வி. முற்றிய நிலையின் அடையாளம்.

புறக்கோட்டையில் துணிக்கடை. காலையிலிருந்து பேச்சு, வாய் காய்ந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு எட்டு பத்து பிளேன்டீ. ஒரே வருடத்தில் நாலு பல் சொத்தை. எச்.ஐ.வி. குளிசையா காரணம்?

உங்கள் பிளேன்டீயில் எத்தனை கரண்டி சீனி என்று எழுதவில்லை. எச்.ஐ.வி.யில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்படுவதுண்டு, சில மருந்துகளும் வாயைக் காயவைக்கும். ஆனால் காய்ந்த வாயில் பத்துத் தடவை சீனி விழுந்தால் எந்தப் பல்லும் தாங்காது. உமிழ்நீர்தான் அமிலத்தைக் கழுவும். ஒவ்வொரு சீனித் தேநீருக்குப் பின்பும் அரை மணிநேரமாவது பல் அமிலத்தில் ஊறும், பத்துத் தடவையானால் நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும்.

தேநீரை விடச் சொல்லவில்லை, சீனியை விடுங்கள். முடியாவிட்டால் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு கோப்பை. மேசையில் தண்ணீர்ப் போத்தலை வைத்து மிடறு மிடறாகக் குடியுங்கள். வாய் நனைய டொபி சூப்புவது எரிகிற நெருப்பில் எண்ணெய். சீனியில்லாத சூயிங்கம் பரவாயில்லை. பற்பசைப் பெட்டியில் புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் வரை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சில மூலிகைப் பசைகளில் புளோரைட்டே இல்லை. கொழும்புக் குழாய் நீர் ஆற்றிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது, அநுராதபுரப் பக்கக் கிணற்று நீரைப் போல புளோரைட் நிறைந்ததல்ல. பற்பசையை விட்டால் வேறு வழியில்லை. இரவில் துலக்கியதும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் புளோரைட்டும் போய்விடும். காதுக்கு முன்னால் இரு பக்கமும் வீங்கியிருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், சுரப்பி வீங்கியிருக்கலாம்.

ஒன்றரை மாதக் குழந்தையின் வாயில் வெள்ளை. இணையத்தில் பார்த்தால் எச்.ஐ.வி. என்று வருகிறது, நித்திரை இல்லை. அம்மா தேன் தடவச் சொல்கிறா. (தெஹிவளை)

தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். கைக்குழந்தைக்கு வெண்படலம் மிகச் சாதாரணம், ஆரோக்கியமான குழந்தைக்கும் வரும். பால் படிந்த வெள்ளை என்றால் துடைத்தவுடன் போகும், நாக்கில் மட்டும் இருக்கும். கன்னத்தின் உட்புறமும் ஒட்டியிருந்தால் வெண்படலம்.

உங்கள் கர்ப்பகாலக் கிளினிக்கில் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்திருப்பார்கள், அட்டையைப் பாருங்கள். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது இந்தப் பரிசோதனையால்தான். வைத்தியர் சொன்னபடி நிஸ்டட்டின் துளியைப் பால் கொடுத்த பின் இரு கன்னத்திலும் பாதி பாதியாக விடுங்கள். மைகொனசோல் ஜெல் வாங்காதீர்கள். நாலு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையை அடைக்கும் ஆபத்து உண்டு. உங்கள் முலைக்காம்பு சிவந்து எரிந்தால் உங்களுக்கும் மருந்து தேவை, இல்லாவிட்டால் இருவருக்குள்ளும் மாறி மாறிச் சுற்றும். மருந்து போட்டும் இரண்டு மாத வயது தாண்டி நீடித்தால், அல்லது நிறை ஏறாவிட்டால், குழந்தை வைத்தியர் மேலும் பார்க்கவேண்டும்.

எச்சிலில் எச்.ஐ.வி. இல்லையென்றால் வாயைத் துடைத்துச் செய்யும் சுயபரிசோதனை எப்படி வேலை செய்கிறது? (பம்பலப்பிட்டி, 22 வயது)

அது தேடுவது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடல் செய்த எதிர்பொருளை. முரசு ஓரத்தில் ஊறும் திரவத்தில் அது இருக்கும். ஆகவேதான் மேல் முரசை ஒரு தடவை, கீழ் முரசை ஒரு தடவை வழிக்கச் சொல்கிறார்கள்; நாக்கையோ கன்னத்தையோ அல்ல. அதற்கு முன் 15 நிமிடம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், 30 நிமிடம் பல் துலக்காமல் இருங்கள். உடல் எதிர்பொருள் செய்யக் காலம் வேண்டும். சந்தேக சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் "இல்லை" என்று வந்தால் அதை இறுதியாக எடுக்காதீர்கள். "உண்டு" என்று வந்தாலும் இரத்தப் பரிசோதனையில் உறுதியாகும்வரை அது முடிவல்ல.

நாக்கிலும் முரசிலும் கறுப்புத் திட்டுகள். (கொம்பனித்தெரு)

சிறுவயதிலிருந்தே இருந்தால், இரு பக்கமும் ஒரேபோல இருந்தால், அது நமது தோலின் நிறம். சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய பின் நாக்கிலும் நகத்திலும் கறுத்தால் அந்த மருந்தின் விளைவு, தீங்கில்லை. ஒரே இடத்தில் புதிதாகத் தோன்றி வளர்ந்தால் காட்டுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது, மேல்பல் செட். எச்.ஐ.வி. கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆனால் செட்டுக்கு அடியில் சிவப்பு போவதில்லை. நல்லெண்ணெய் கொப்பளிக்கலாமா? (ஜிந்துப்பிட்டி)

செட்டோடு தூங்குகிறாரா என்று கேளுங்கள். அநேகமாக ஆம் என்பார். பங்கசு தோலில் மட்டுமல்ல, செட்டின் பிளாஸ்டிக் நுண்துளைகளிலும் குடியிருக்கும். வாய்க்கு மட்டும் மருந்து போட்டு செட்டை விட்டால் தீராது. இரவில் கழற்றி, பற்பசை அல்லாமல் சவர்க்காரமும் பிரஷும் கொண்டு தேய்த்து, குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதத்தில் கால் மணிநேரம் ஊறவைத்து, கழுவி, காலைவரை சுத்தமான தண்ணீரில் வையுங்கள். கம்பி, உலோகம் உள்ள செட்டை வெளுப்பானில் போட்டால் அரித்துவிடும். நிஸ்டட்டின் விடும்போதும் செட் வெளியே இருக்கவேண்டும். ஆஸ்துமாவுக்கு இழுப்பு மருந்து பாவித்தால் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். இரத்தச் சீனி அளவையும் ஒருதரம் பாருங்கள், இந்த வயதில் அடியில் சிவப்பு நிற்க அதுவும் காரணம். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, பங்கசுக்கு அது மருந்தும் இல்லை. இவ்வளவும் செய்து இரண்டு கிழமையில் சிவப்பு மாறாவிட்டால் செட் தளர்ந்து உரசுகிறது. புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.